இரண்டு கோயில்கள்

எம்.ஃபில். படித்த காலத்தில், 2016-இல், உதவித்தொகைப் பணத்தைச் சேர்த்து அவர் வாங்கிய மடிக்கணினி பத்தாம் ஆண்டை நெருங்கியபோது அதன் திரைக் கீல் ஒருபுறம் விட்டுப்போயிருந்தது. ‘எ’ இருக்கும் விசையை இரண்டு முறை அழுத்தினால்தான் ஓர் எழுத்து விழும். இவற்றை அவர் பொருட்படுத்தியதில்லை. ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ நிறுவலாம் என்றால், எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகள் பெரும்பாலும் அதன் பட்டியலிலேயே இல்லை. ஆய்வேட்டை மார்ச் மாத இறுதிக்குள் ஒப்படைத்தாக வேண்டும். நெறியாளர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அவர்தாம், முடிந்துபோன ஒரு திட்டத்தின் கணக்கில் துறை வாங்கி வைத்திருந்த மேக்புக்கை எடுத்துக் கொடுத்து, “ஒரு வாரத்தில் கை பழகிவிடும்” என்றார்.

கர்நாடகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், கோலார் மாவட்டத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றி ஆய்வு செய்பவர் அவர். கோலாரம்மன் கோயில் தொடங்கி, ஏரிக்கரைத் தூம்புகள் வரை அம்மாவட்டத்தில் சோழர் காலத் தமிழ் பரவிக் கிடக்கிறது. லூயிஸ் ரைஸ் 1905-இல் வெளியிட்ட எபிகிராஃபியா கர்நாடிகாவின் பத்தாம் தொகுதியைத் திறந்தால், கன்னட நாட்டுக் கல்வெட்டுத் தொகுதி ஒன்றில் இத்தனை தமிழா என்று புதியவர்கள் வியப்பார்கள். அத்தொகுதியில் இடம்பெறாத துண்டுக் கற்களைத் தேடிப் படமெடுப்பதே அவருடைய பணியில் பெரும்பகுதி. அந்தப் படங்கள்தாம் ஆய்வேட்டின் நான்காம் இயல்.

ஒரு வாரத்தில் பழகும் என்று சொல்லப்பட்ட கை, ஒரு மாதமாகியும் பழகவில்லை.

அறிவுக்குத் தெரிந்துவிட்டது. கன்ட்ரோல் விசையின் வேலையை இங்கே கமாண்ட் விசை செய்கிறது என்பது முதல் நாளே தெரியும். ஆனால் நகலெடுப்பவர் அறிவைக் கேட்டுக்கொண்டு நகலெடுப்பதில்லை. இடக்கைச் சுண்டுவிரல் தானாக மூலைக்குப் போகும், சுட்டுவிரல் சி-யை அழுத்தும், எதுவும் நிகழாது. எதுவும் நிகழவில்லை என்பதைத் திரையும் சொல்லாது. அடுத்து, ஒட்டும்போது மட்டும் நினைவு வந்து கமாண்டை அழுத்துவார். அதற்கு முன் எப்போதோ நகலெடுத்திருந்தது வந்து விழும். ஒருமுறை, ஏரிப்பட்டி நிலக்கொடை பற்றிய அடிக்குறிப்பின் நடுவில் விடுதி உணவுக்கட்டணத்திற்கான வங்கிக் கணக்கெண் வந்து அமர்ந்தது. நெறியாளருக்கு அனுப்பிய பிறகுதான் அதைக் கண்டார்.

கோப்பைத் திறக்க என்டரை அழுத்தினால் திறக்காமல், பெயரை மாற்றவா என்று கேட்பதுபோல் பெயர் நீலமாகி நிற்கும். அதைக் கவனியாமல் அடுத்த விசையை அழுத்தினால் கோப்பின் பெயர் அந்த ஒற்றை எழுத்தாகிவிடும். மூன்றாம் இயலின் திருத்திய படி இரண்டு நாள் காணாமற்போய், கடைசியில் ‘ந’ என்ற பெயரில் கிடைத்தது. சாளரத்தை மூடினாலும் செயலி மூடுவதில்லை. மூடும் பொத்தானோ இடப்புறம் இருக்கிறது. டெலீட் என்று எழுதியிருக்கும் விசை முன்னால் உள்ளதை விட்டுவிட்டுப் பின்னால் உள்ளதை அழிக்கிறது. இரண்டு கோப்புகளை அருகருகே வைத்து மாறி மாறிப் பார்க்க ஆல்ட்-டேப் பழகிய கை கமாண்ட்-டேப்பை அழுத்தினால், ஒரு செயலியிலிருந்து வேறொரு செயலிக்குப் போகிறதே தவிர, அதே செயலியின் இன்னொரு சாளரத்திற்குப் போவதில்லை. அதற்கு வேறொரு விசை உண்டு. பாட வேறுபாடு பார்ப்பவருக்கு நாளொன்றுக்கு நூறு முறை தேவைப்படும் செயல் அது.

இவற்றில் எதுவும் குறையன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேக்கிலேயே பழகியவர் விண்டோஸுக்கு வந்தால் இதே பட்டியலைத் தலைகீழாக எழுதுவார். வெட்டல், நகல், ஒட்டல் என்னும் மூன்றையும் செவ்வைப்படுத்தியவர்களுள் முதன்மையானவரான லேரி டெஸ்லர் (2020 பிப்ரவரியில் மறைந்தார்) ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்திலிருந்து ஆப்பிளுக்குப் போனவர். எக்ஸ், சி, வி என்னும் மூன்று விசைகளும் விசைப்பலகையின் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருப்பது வசதி. அந்த மூன்றும் இரு உலகங்களுக்கும் பொது. அவற்றோடு சேர்த்து அழுத்தவேண்டிய விசை மட்டுமே வேறு. சுண்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையிலான அந்த ஒரு சாண் தூரத்தில்தான் அவருடைய குளிர்காலம் கழிந்தது.

கட்டைவிரல் அழுத்தும் அந்தக் கமாண்ட் விசையின் குறி அவருக்கு முதல் நாளிலிருந்தே ஒரு கோலம்போல் தோன்றிற்று. நான்கு மூலையிலும் சுழித்த ஒரு சதுரம். நான்கு புள்ளியைச் சுற்றி வளைத்துப் போடும் சிக்குக் கோலம். 1980-களின் தொடக்கத்தில் மேக்கிண்டாஷுக்காகக் குறிகளை வரைந்த சூசன் கேர், குறியீட்டு அகராதி ஒன்றிலிருந்து இதைத் தேர்ந்தெடுத்தார். சுவீடன் முதலிய வடபுல நாடுகளில் சாலையோரப் பலகைகளில் இக்குறி இருந்தால், அருகில் பார்க்கத்தக்க இடமோ தொன்மைச் சின்னமோ உண்டு என்று பொருள். காட்லாந்துத் தீவில் கிடைத்த பழைய படக்கல் ஒன்றிலும் இதே முடிச்சு செதுக்கப்பட்டிருக்கிறது. வீரக்கற்கள் நிறைந்த கோலாரில் அலைந்த ஒருவருக்கு, நாள் முழுதும் கட்டைவிரலின் கீழே ஒரு நடுகற்குறி இருப்பதில் சிறிது ஆறுதல் இருந்தது. விரல்தான் அங்கே போகவில்லை.

பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பவை விண்டோஸ் கணினிகள். காலையில் அங்கே, மாலையில் விடுதியில் மேக். எனவே கை ஒருபுறம் பழகத் தொடங்கியதும் மறுபுறம் பிழைக்கத் தொடங்கிற்று. இங்கே கமாண்ட் இருக்கும் இடத்தில் அங்கே ஆல்ட். நகலெடுக்கப் போனால் மேலே பட்டியில் சிறு சிறு எழுத்துகள் முளைத்து நிற்கும். தட்டுப்பலகையில் விரலை இழுத்தால் பக்கம் போகும் திசையும் ஒன்றல்ல. 2011 முதல் மேக்கில், கைப்பேசியில் போலத் தாளையே விரலால் தள்ளுவதாகக் கொள்கிறார்கள்; நூலகச் சுட்டியின் சக்கரத்தைச் சுற்றினால் தாள் நிற்கிறது, பார்வை நகர்கிறது. இரண்டும் ஏரணத்திற்குப் பொருந்துபவைதாம். மாலை ஆறு மணிக்கு ஏரணத்தை யார் கேட்கிறார்கள்.

தமிழ்த் தட்டச்சு இன்னொரு தனிக்கதை. மேக்கில் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதில் அவருக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் பழைய கணினியில், ஆல்ட்டோடு 2 என்றால் தமிழ், ஆல்ட்டோடு 0 என்றால் ஆங்கிலம் என்று அவர் அமைத்துக்கொண்டு பத்தாண்டு ஆகியிருந்தது. மேக்கில் அதே பழக்கத்தில் ஆப்ஷனோடு 2-ஐ அழுத்தினால், வணிகப் பெயர்களின் தோளில் ஆங்கில டி-யும் எம்-மும் பொடியாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் குறி வந்து விழும். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்திக்குப் பக்கத்தில் அது பலமுறை விழுந்தது. மன்னனின் பெயரை யாரோ வணிகக்குறியாகப் பதிவு செய்துவிட்டார்கள் என்று விடுதித் தோழியர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அப்போது.

கோப்புகளை இடம்மாற்றியது நவம்பரில். பழைய மடிக்கணினியில் ‘கோயில்’ என்ற பெயரிலேயே இரண்டு கோப்புறைகள் அருகருகே இருந்தன. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாது என்பது விண்டோஸின் விதி. அப்படியிருந்தும் அவை இருந்தன. மேலே இருப்பது 2022-இலும் 2023-இலும் எடுத்தது, கீழே இருப்பது 2024-இல் எடுத்தது என்று அவருக்கு மனப்பாடம். எப்படி இரண்டு வந்தன என்று ஓரிரு முறை வியந்ததுண்டு. கணினி என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்.

பென்டிரைவில் இரண்டுக்கும் ஒருசேர இடமில்லை. முதல் நாள் ஒன்றை எடுத்துவந்து மேக்கில் வைத்தார். மறுநாள் பென்டிரைவைக் காலிசெய்து மற்றதைக் கொண்டுவந்து அதே இடத்தில் ஒட்டினார். இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை மாற்றிவிடவா என்று கணினி கேட்டது. ‘ரீப்ளேஸ்’ என்ற பொத்தானை அழுத்தினார். விண்டோஸில் கோப்புறையின் மேல் கோப்புறை வந்தால் இரண்டும் ஒன்றாகக் கலக்கும். ஒரே பெயருள்ள கோப்புகளைப் பற்றி மட்டுமே கேள்வி வரும். மேக்கில் அந்தச் சொல்லுக்கு அகராதிப் பொருளே பொருள். பழைய கோப்புறை முழுவதும் போய், அவ்விடத்தில் புதியது நிற்கும். குப்பைக்கூடையிலும் பழையது இருக்காது. கேட்டுவிட்டுத்தான் செய்தது. பதில் சொன்னது அவர் அல்லர், அவருடைய கை.

அந்த வாரமே பழைய மடிக்கணினியை முழுவதும் அழித்து, அதில் லினக்ஸ் மின்ட் நிறுவி, விடுதிச் சமையற்கூடத்தில் பணிபுரியும் பெண்மணியின் மகளுக்குக் கொடுத்தாயிற்று. நிறுவிக் கொடுத்தவர் துறையில் இளையவரான ஒரு மலையாளப் பெண். கேரளத்து அரசுப் பள்ளிகளில் லினக்ஸிலேயே பாடம் படித்து வளர்ந்தவர் ஆதலால், எந்த இயங்குதளத்தைக் கண்டாலும் அவருக்குப் பதற்றம் கிடையாது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அந்தச் சிறுமிக்கும் கிடையாது. அவளுடைய கைக்கு மறக்கவேண்டியது எதுவும் இல்லை. அந்த ‘எ’ விசை மட்டுமே அவளுடைய குறை. அவள் தட்டச்சு செய்வது கன்னடமும் ஆங்கிலமும் என்றாலும், அந்த விசையில்தான் ஆங்கில ஜி இருக்கிறது.

இழந்தது தெரிந்தது சனவரி இரண்டாம் வாரத்தில். நான்காம் இயலுக்குப் படங்களின் எண்களைச் சரிபார்க்கும்போது 2022-இன் படம் ஒன்று கிடைக்கவில்லை. அடுத்ததும் இல்லை. தேதியை வைத்துத் தேடினார். 2022 என்னும் ஆண்டே அந்தக் கணினியில் இல்லை. இரவு பதினொரு மணிக்கு மலையாளத் தோழியின் அறைக் கதவைத் தட்டினார்.

“சேச்சி, ரெண்டும் ஒரே பேர்னு சொன்னீங்களே, அது விண்டோஸ்ல எப்படி இருந்துச்சு?” என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. நல்லவேளையாக, பழைய கோப்புப் பட்டியல் ஒன்றை மின்னஞ்சலில் எப்போதோ நெறியாளருக்கு அனுப்பியிருந்தார். அதிலிருந்து இரண்டு ‘கோயில்’களையும் எடுத்து அவள் பைத்தானில் எண்ணச் சொன்னாள். ஒன்றுக்கு 6 என்று வந்தது. மற்றதற்கு 7.

யூனிகோடில் ‘கோ’வை இரண்டு வகையில் எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று எனத் தனித்தனியே இரண்டு. திரையில் இரண்டும் ஓர் இம்மியும் வேறுபடா. முன்னொரு காலத்துப் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய பெயரில் கொம்பும் காலும் பிரிந்தே கிடந்திருக்கின்றன. தமிழ் 99-இல் நேராக அடித்த பெயரில் அவை சேர்ந்திருக்கின்றன. விண்டோஸ் குறிகளை எண்ணிப் பார்த்து வெவ்வேறு பெயர் என்றது. மேக்கின் கோப்பு முறைமை, எழுத்தாகப் பார்த்து இரண்டும் ஒன்றே என்றது. மலையாளத்திலும் இதே சிக்கல் உண்டு. கோட்டயம் என்ற பெயரில் தன்னிடமும் இரண்டு கோப்புறைகள் இருந்ததாகத் தோழி சொன்னாள்.

கல்வெட்டு படிப்பவருக்கு இது புதிதா என்ன? சோழர் காலக் கல்லில் எகர ஏகாரத்திற்கும் ஒகர ஓகாரத்திற்கும் வரிவடிவில் வேறுபாடு இல்லை. கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாகத்தான் கொத்தியிருப்பார்கள். ‘கொ’வா ‘கோ’வா என்பதைப் படிப்பவர்தாம் முடிவு செய்ய வேண்டும். ஒன்றுபோல் தோன்றும் இரண்டை வேறு என்று அறிவதற்கே அவருக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள். தம் கண்முன்னே இருந்த இரண்டு ‘கோயில்’களை அவர் ஒருமுறையும் ஐயுறவில்லை. அன்றிரவு அவர் அழுதது படங்களுக்காகவா, இதற்காகவா என்று தோழிக்கு விளங்கவில்லை.

அதிகாலையில் அவருக்கு ஹார்ட் டிஸ்க் நினைவுக்கு வந்தது. 2023 மார்ச்சில் ஒருமுறை பழைய படங்களை அதில் எடுத்து வைத்திருந்தார். நவம்பரில் அதைக் காலிசெய்து மேக்குக்குப் பயன்படுத்த முயன்றபோது, அந்த வட்டு விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்திருந்ததால், மேக் அதைப் படிக்குமே தவிர அதில் எழுதவோ அழிக்கவோ செய்யாது என்று தெரியவந்தது. எத்தனை முறை குப்பைக்கு இழுத்தாலும் போகவில்லை. இது ஒரு பெரிய நிறுவனமா, வாங்கிய வட்டில் நம் கோப்பை நாமே அழிக்க முடியாதா என்று அரைமணி நேரம் கரித்துக்கொட்டிவிட்டு, அதை இழுப்பறையில் எறிந்திருந்தார். எறிந்த இடத்திலேயே இருந்தது. செருகினார். 2022 முழுவதும், 2023 மார்ச் வரை, ஒன்றும் குறையாமல் இருந்தது.

இல்லாதது 2023 ஏப்ரலில் போன ஒரேயொரு பயணத்தின் 41 படங்கள். அவற்றுள் பெரும்பாலான கற்கள் ரைஸின் தொகுதியில் உள்ளவையே. ஒன்று மட்டும் இல்லை. சிற்றூர்க் கோயில் ஒன்றின் அடித்தளத்தில், தலைகீழாக வைத்துக் கட்டப்பட்ட ஏழு வரித் துண்டு. ஏரிக்கு விட்ட நிலம் பற்றியது. நான்காம் இயலின் வாதம் அந்தத் துண்டின் ஐந்தாம் வரியில் உள்ள அளவுச் சொல்லின்மேல் நிற்கிறது.

சனவரிக் கடைசியில் பெங்களூருக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து கோலாருக்கு ஒன்று, பிறகு ஓர் ஆட்டோ. கோயில் பளிச்சென்று இருந்தது. ஊரார் சேர்ந்து திருப்பணி செய்திருக்கிறார்கள். அடித்தளத்தைச் சுற்றி இடுப்பளவுக்கு மெருகேற்றிய கருங்கல் பலகைகள் ஒட்டப்பட்டிருந்தன. அர்ச்சகர் அவரை நினைவு வைத்திருந்தார். “உங்கள் எழுத்து உள்ளேயேதான் இருக்கிறது அம்மா, எங்கும் போகவில்லை” என்று கன்னடத்தில் சொல்லி, காபி கொடுத்தார். அவர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது. பலகையைத் தட்டிப் பார்த்தால் உள்ளே இடைவெளி இருப்பது கேட்டது.

மிஞ்சியவை இரண்டு. களக்குறிப்பேட்டில் அன்று வெயிலில் நின்று பென்சிலால் எழுதிய படி ஒன்று. அன்றே வாட்ஸாப்பில் நெறியாளருக்கு அனுப்பிய, சுருங்கி மங்கிய ஒரு படம். அவர் தம் கைப்பேசியை மூன்றாண்டாக மாற்றாதவர் என்பதால் அது கிடைத்தது. தலைகீழாகத் திருப்பி, பெருக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு வாரம் பார்த்தார். ஐந்தாம் வரியில் அளவுச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் தெளிவு. மூன்றாவது, குறிப்பேட்டில் இருப்பதுபோலவும் படிக்கலாம், வேறாகவும் படிக்கலாம். நெறியாளர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஐயம் என்று குறித்துவிடுங்கள். வாதத்தைக் கொஞ்சம் தளர்த்தி எழுதுங்கள்” என்றார். தளர்த்தி எழுதினால் அந்த இயலில் மிஞ்சுவது பாதி. இருவருக்கும் அது தெரியும்.

ஐயத்திற்குரிய எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இடுவது கல்வெட்டுப் பதிப்பு வழக்கம். தமிழ் 99-இல் அந்த அடைப்பு விசைகளில் சகரமும் ஞகரமும் இருப்பதால், அடைப்புக்கு ஆங்கிலத்துக்கு மாற வேண்டும். மார்ச் மாதம் ஓரிரவு அந்த ஐந்தாம் வரியைத் தட்டச்சு செய்தார். முறைப்படி ஆங்கிலத்துக்கு மாறினார். மாறிவிட்டதா என்ற ஐயத்தில் கை தானாகப் பழைய ஆல்ட்டையும் 0-வையும் அழுத்திற்று. அளவுச் சொல்லின் இரண்டாம் எழுத்தை அடுத்து, தோளளவில், ஒரு சிறிய வட்டம் வந்து நின்றது.

அக்காலக் கல்லில் புள்ளி பெரும்பாலும் இடுவதில்லை. அவர் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டெலீட்டை அழுத்தினார். இம்முறை அது எந்தப் பக்கம் அழிக்கும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது.